ஈரமும் குளிரும்

 

நாம் வாழும் நாடு வெப்ப நாடு. நிலநடுக்கோட்டை ஒட்டி அமைந்திருப்பதால், பனி பெய்யும் காலம் என்பது நமக்குப் பாடநூலில் காணும் படமாகவே இருக்கின்றது. ஆயினும், குளிர் இன்னதென்பது நமக்குத் தெரியாததன்று. விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படும் தொழிலாளி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார். வழியில் மழையில் நனைந்த மாணவன் வகுப்பறையில் கைகளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நடுங்குகிறான். கேமரன் மலைக்குச் சுற்றுலா சென்று வந்தவர்கள் அம்மலையின் குளிரைப் பற்றி ஒரு வாரம் வரை ஓயாது பேசுகின்றனர்.

இத்தகைய வேளைகளில் நம் வீட்டுப் பெரியவர்கள், "வெறுங்குளிரைப் பொறுத்துக்கொள்ளலாம், ஈரக்குளிர் ஆளையே முடக்கிப் போட்டுவிடும்" என்று கூறுவது வழக்கம். இக்கூற்று உண்மையா? உண்மையெனில், ஈரம் குளிரை எவ்வாறு மிகுவிக்கின்றது? இதனை நாம் இக்கட்டுரையில் ஆராய்வோம். இது தேர்வுக்காக மட்டும் படிக்கும் பாடமன்று. நம் பிள்ளைகளின் உடல்நலத்தைக் காக்கவும், சில வேளைகளில் உயிரையே காக்கவும் உதவும் பாடமாகும்.

ஈரப்பதம் என்பது யாது?

நம்மைச் சூழ்ந்துள்ள காற்றில் நீராவி கலந்திருக்கின்றது. அது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. குளிர்ந்த நீர் நிறைந்த கண்ணாடிக் குவளையை மேசைமீது வைத்தால், சற்று நேரத்தில் அதன் வெளிப்புறத்தில் முத்து முத்தாக நீர் அரும்புவதைக் காண்கிறோம். அந்நீர் குவளையின் உள்ளிருந்து கசிந்ததன்று. காற்றிலிருந்த நீராவி குளிர்ந்து துளியானதே ஆகும்.

காற்று தாங்கக்கூடிய நீராவிக்கு ஓர் எல்லை உண்டு. காற்றின் வெப்பம் மிகுந்தால் அவ்வெல்லை உயரும். வெப்பம் குறைந்தால் அதுவும் குறையும். 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 18 பாகையில் ஏறத்தாழ 15 கிராம். 0 பாகையில் ஏறத்தாழ 5 கிராம். பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலோ ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே.

காற்று தாங்கக்கூடிய அளவில் எத்தனை விழுக்காடு நீராவி உண்மையில் இருக்கின்றதோ அதனையே ஈரப்பதம் என்கிறோம். 30 பாகைக் காற்றில் 15 கிராம் நீராவி இருந்தால் ஈரப்பதம் 50 விழுக்காடு. அதே காற்று 18 பாகைக்குக் குளிர்ந்தால், நீராவி சிறிதும் கூடாமலே ஈரப்பதம் 100 விழுக்காட்டை எட்டிவிடும். மேலும் குளிர்ந்தால், காற்றால் தாங்க இயலாத நீராவி பனித்துளியாகவும் மூடுபனியாகவும் மாறும். இரவில் வெயில் இல்லாமையால் காற்று குளிர்வதும், விடியற்காலையில் பால்மரக் காட்டின் புற்கள் நனைந்து கிடப்பதும் ஒரே காரணத்தால் நிகழ்வனவே.

உடல் வெப்பத்தை இழக்கும் வழிகள்

நம் உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 பாகை. உண்ட உணவை எரித்து உடல் இவ்வெப்பத்தை உண்டாக்குகின்றது. சுற்றியுள்ள காற்று உடலைவிடக் குளிர்ந்திருப்பதால், வெப்பம் இடையறாது உடலைவிட்டு வெளியேறிக்கொண்டே இருக்கின்றது.

அது வெளியேறும் வழிகள் நான்கு. குளிர்ந்த பொருளைத் தொடும்போது கடத்தல் மூலம் வெளியேறுவது ஒன்று. உடலை ஒட்டிய சூடான காற்றை வீசும் காற்று அடித்துச் செல்வதால் இழப்பது இரண்டாவது. அடுப்பின் அனல் நம்மீது படுவதுபோல், நம் உடலின் வெப்பம் கதிராக வெளியே வீசப்படுவது மூன்றாவது. வியர்வையோ நீரோ தோலின்மேல் ஆவியாகும்போது உடலின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு செல்வது நான்காவது.

ஆடை உடலுக்கு வெப்பத்தைக் கொடுப்பதில்லை என்பதை நாம் நினைவில் கொள்ளவேண்டும். கம்பளியைச் சுவரில் மாட்டிவைத்தால் சுவர் சூடேறுவதில்லை. நூலிழைகளுக்கு இடையே அசையாக் காற்றைப் பிடித்துவைத்துக்கொள்வதே ஆடை செய்யும் தொண்டு. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே ஆடைக்குள் சிறைப்பட்ட காற்றுதான் நமக்கு உண்மையான போர்வை.

ஈரக்காற்றே குளிரைத் தருகின்றதா?

ஈரமான காற்று வெப்பத்தை விரைந்து கடத்துவதால்தான் குளிர் மிகுகின்றது என்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணத்தைச் சிறு கணக்கால் சோதித்துப் பார்ப்போம்.

0 பாகையில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1,290 கிராம். அக்காற்று தாங்கக்கூடிய நீராவியோ 5 கிராமுக்கும் குறைவு. அதாவது ஆயிரம் பங்கில் நான்கு பங்குகூட இல்லை. இத்துணைச் சிறிய பங்கு, காற்று வெப்பத்தைக் கடத்தும் இயல்பைக் குறிப்பிடத்தக்க அளவு மாற்ற இயலாது. காற்று குளிரக் குளிர, அதிலுள்ள நீராவியின் பங்கு மேலும் சுருங்கிப்போகின்றது.

அறிஞர்களின் ஆய்வும் இதற்கு ஒத்துள்ளது. பால் சைப்பிள், சார்லஸ் பாசல் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் தென்துருவக் கண்டத்தில் தங்கி, சிறிய உருளையில் நீர் உறைவதற்கு எவ்வளவு நேரமாகின்றது என்பதை அளந்தனர். காற்றின் வேகத்திற்கேற்ப வெப்ப இழப்பு கூடுவதை 1945ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அமெரிக்காவும் கனடாவும் 2001ஆம் ஆண்டில் புதுப்பித்த குளிர்க்காற்று அளவீட்டிலும் வெப்பநிலையும் காற்றின் வேகமும் மட்டுமே இடம்பெற்றன; ஈரப்பதம் இடம்பெறவில்லை. ஆஸ்திரேலிய வானிலைத்துறை பயன்படுத்தும், ராபர்ட் ஸ்டெட்மன் என்பவரின் ஆய்வைத் தழுவிய கணக்கில் நீராவி இடம்பெறுகின்றது. ஆனால் அக்கணக்கின்படி நீராவி மிகுந்தால் உடல் உணரும் வெப்பம் சற்றுக் கூடுமேயன்றிக் குறையாது. ஏனெனில், ஈரக்காற்றில் தோலிலிருந்தும் மூச்சிலிருந்தும் நீர் ஆவியாவது குறைகின்றது. அதனால் உடல் இழக்கும் வெப்பமும் குறைகின்றது.

அப்படியாயின், நம் பெரியவர்கள் கூறியது பொய்யா? இல்லை. ஈரக்குளிரைப் பட்டறிந்தவர்கள் உலகெங்கும் அதையே கூறுகின்றனர். அவர்கள் உணர்ந்தது உண்மை. காரணம் மட்டும் வேறிடத்தில் உள்ளது. அக்காரணத்தை நாம் அணிந்திருக்கும் ஆடையில் தேடவேண்டும்.

ஆடையில் குடியேறும் ஈரம்

அசையாத காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஆடை நனைந்தால், நூலிழைகளுக்கு இடையே இருந்த காற்று வெளியேறி அவ்விடத்தில் நீர் புகுந்துகொள்ளும். நமக்குப் போர்வையாக இருந்த காற்று பறிபோய்விடும். பருத்தித் துணியோ தோலோடு ஒட்டிக்கொண்டு, எஞ்சியிருக்கும் காற்றிடைவெளியையும் இல்லாமற் செய்துவிடும்.

இதனோடு துன்பம் முடிவதில்லை. தோலின் வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். மழையில் நனைந்த மாணவனின் சீருடை 200 கிராம் நீரை உறிஞ்சியுள்ளது எனக் கொள்வோம். அந்நீர் முழுவதும் ஆவியாக 116,000 கலோரி, அதாவது 116 கிலோகலோரி வெப்பம் தேவை. ஓய்வாக அமர்ந்திருக்கும் வளர்ந்த மனிதரின் உடல் ஒரு மணி நேரத்தில் உண்டாக்கும் வெப்பமோ ஏறத்தாழ 70 முதல் 80 கிலோகலோரி மட்டுமே. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தில் ஒரு பகுதியைச் சுற்றியுள்ள காற்று தருகின்றது என்பது உண்மைதான். எனினும் கணிசமான பகுதியைப் பிள்ளையின் உடலே கொடுக்கவேண்டியுள்ளது. உடலாலேயே சீருடையை உலர்த்த விடுவது, பிள்ளை உண்ட உணவின் வலிமையைத் துணி உலர்த்தும் வேலைக்குச் செலவிடுவதாகும்.

சிறுவர்களுக்கு இவ்விழப்பு இன்னும் கொடியது. உடலின் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிடச் சிறுவர்களுக்குத் தோற்பரப்பு மிகுதி. ஆகவே அவர்கள் விரைவில் வெப்பத்தை இழந்துவிடுகின்றனர். கைக்குழந்தைகளின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

நனைந்த ஆடை ஈரக்காற்றில் எளிதில் உலராது என்பதையும் இங்கு நினைவுகூர்வோம். ஈரப்பதம் 100 விழுக்காட்டை ஒட்டியிருக்கும்போது கொடியில் போட்ட துணி நாள் முழுதும் நனைந்தே கிடக்கும். உடல்மேல் உள்ள துணியோ உடலின் சூட்டால் காற்றைவிட வெப்பமாக இருப்பதால், மூடுபனியிலும் மெல்ல மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆகவே நடுக்கமும் நீடிக்கும்.

கேமரன் மலை கற்பிக்கும் பாடம்

இதுவரை கண்டவற்றைக் கேமரன் மலையில் வைத்துப் பார்ப்போம். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப்பகுதிக்குச் சென்று குறிப்பெழுதினார்; அவர் பெயரே இடத்துக்கு நிலைத்தது. 1929ஆம் ஆண்டில் இங்கு போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்றது. இம்மலைச் சரிவுகளில் தேயிலைக் கன்று நட்டுக் கொழுந்தெடுத்த கைகளில் நம் தமிழ்த் தொழிலாளர்களின் கைகள் பல.

தானா ராத்தா நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறையும். எனவே கீழ்நாட்டில் 27 அல்லது 28 பாகை இருக்கும்போது, அங்கே ஏறத்தாழ 18 பாகை இருக்கும். 1978ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் அங்கே 7.8 பாகை பதிவாகியது. மலேசிய வானிலை நிலையங்களில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை இதுவே.

18 பாகை என்பது குளிர்நாட்டு மக்களுக்கு இனிய இளவேனில் வெப்பம். அவர்கள் அவ்வெப்பத்தில் மெல்லிய சட்டையோடு வெயிலில் உலாவுவர். நாமோ தானா ராத்தாவில் நடுங்குகிறோம். நாம் வெப்ப நாட்டில் பழகியவர்கள் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் ஈரம். கீழ்நாட்டிலிருந்து மலையேறி வரும் காற்று நிறைய நீராவியைச் சுமந்து வருகின்றது. மேலேறக் குளிர்வதால் அத்தனை நீராவியையும் தாங்க இயலாமல், மிகுதியை நுண்துளிகளாக உதிர்க்கின்றது. அதுவே மலையைப் போர்த்தும் மூடுபனி. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட மழையும் அங்கே பெய்கின்றது.

மூடுபனி மூன்று வகையில் குளிரைக் கூட்டுகின்றது. முதலாவது, அது கதிரவன் ஒளியைத் தடுத்துவிடுகின்றது. நேரடியாக உடல்மேல் படும் வெயிலின் வெப்பம் கிடைக்காமற் போகின்றது. இரண்டாவது, அதன் நுண்துளிகள் தலைமுடியிலும் சட்டையிலும் கம்பளியிலும் படிந்து நனைக்கின்றன. மழை பெய்யாமலே நாம் நனைந்துவிடுகிறோம். மூன்றாவது, நனைந்ததை உலரவிடாமல் தடுக்கின்றது.

தேயிலைச் சரிவில் கூடையைச் சுமந்து ஏறும் தொழிலாளிக்கு இன்னுமொரு தொல்லை உண்டு. ஏறும்போது உடல் சூடேறி வியர்க்கின்றது. அவ்வியர்வை ஈரக்காற்றில் விரைந்து ஆவியாவதில்லை, உட்சட்டையிலே தங்கிவிடுகின்றது. வேலை செய்யும்வரை குளிர் தெரிவதில்லை. சற்று அமர்ந்து இளைப்பாறத் தொடங்கியதும், உடல் உண்டாக்கும் வெப்பம் குறைந்துவிட, தேங்கிய வியர்வை தன் வேலையைத் தொடங்குகின்றது. வெளியிலிருந்து வந்த மழைநீரும் உள்ளிருந்து வந்த வியர்வையும் ஒரே தீங்கைத்தான் செய்கின்றன.

உலர்குளிர் எவ்வாறிருக்கும்?

இதற்கு மாறான நிலையைச் சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் காணலாம். ஜனவரி மாதத்தில் அங்கே சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 35 பாகைக்கும் அப்பால் செல்கின்றது. அத்தகைய காற்றில் நீராவி மிகமிகக் குறைவு. அங்கே பெய்யும் பனி மாவைப்போல் உலர்ந்திருக்கும், மேலாடையில் விழுந்தால் உருகாது, தட்டினால் உதிர்ந்துவிடும். ஆகவே தடித்த ஆடைக்குள் இருக்கும் காற்றுப் போர்வை கெடுவதில்லை.

0 பாகையை ஒட்டிய குளிரில் நிலை வேறு. அங்கே விழும் பனி ஆடைமேல் உருகி நீராகின்றது. மழையும் பனியும் கலந்து பெய்யும் இடங்களில், பாகைக் கணக்கில் குளிர் குறைவாக இருந்தும், மக்கள் ஆடை நனைந்து துன்புறுவது இதனால்தான். உலர்குளிர் தீங்கற்றது என்று இதற்குப் பொருளன்று. அது உதட்டையும் தோலையும் வெடிக்கச் செய்யும். பாதுகாப்பில்லாத விரல்களையும் காதுகளையும் உறையச் செய்துவிடும். ஆனால் ஆடை உலர்ந்திருக்கும்வரை, ஆடை தன் கடமையைச் செய்யும்.

ஆட்டு உரோமத்தால் ஆன கம்பளிக்கு ஒரு சிறப்பு உண்டு. அது தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை இழைகளுக்குள்ளே வாங்கிக்கொண்டும் தொடுவதற்கு நனைந்ததுபோல் தோன்றாது. அதன் இழைகள் சுருண்டிருப்பதால், நனைந்தாலும் ஓரளவு காற்றைப் பிடித்துவைத்திருக்கும். பருத்திக்கு இவ்வியல்பு குறைவு. வெயிலுக்கு ஏற்ற பருத்தி, மலையின் மழைக்கு ஏற்றதன்று.

நம் ஊரிலும் ஈரக்குளிர் உண்டு

கேமரன் மலைக்குப் போனால்தான் இப்பாடம் பயன்படும் என்பதில்லை. 2018ஆம் ஆண்டு ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்று வலுத்ததால் சிங்கப்பூரில் பல நாள் தொடர்ந்து மழை பெய்து, வெப்பநிலை 21 பாகையை ஒட்டி இறங்கியது. மக்கள் குளிராடைகளைத் தேடி எடுத்து அணிந்தனர். வெயிலின்மை, காற்று, ஈரம் ஆகிய மூன்றும் கூடினால் 21 பாகையும் நம்மை நடுங்கவைக்கும்.

குளிர்சாதனம் பொருத்திய பேருந்தையும் மண்டபத்தையும் எண்ணிப் பாருங்கள். குளிர்சாதனம் காற்றைக் குளிர்விப்பதோடு அதிலுள்ள நீராவியையும் பிரித்து வெளியேற்றுகின்றது. நீர் சொட்டும் குழாயே அதற்குச் சான்று. மழையில் நனைந்த ஒருவர் அங்கே நுழைந்தால், உலர்ந்த குளிர்காற்று அவருடைய ஆடையிலிருந்து நீரை விரைந்து ஆவியாக்கும். அதனால் குளிர் சட்டென்று உறைக்கும். உலர்ந்த ஆடையோடு அருகில் அமர்ந்திருப்பவருக்கோ அதே காற்று இதமாக இருக்கும். இருவரும் ஒரே அறையில்தான் இருக்கின்றனர். வேறுபாடு ஆடையில் உள்ளது.

தோலால் ஈரத்தை அறிய முடியுமா?

வெப்பத்தையும் குளிரையும் தொடுதலையும் அறியும் நரம்பு முனைகள் நம் தோலில் உள்ளன. ஈரத்தை அறிவதற்கென்று தனி நரம்பு முனை இல்லை. குளிர்ச்சியும் ஒட்டுதலும் சேர்ந்து வந்தால், அதை ஈரம் என்று மூளை முடிவு செய்கின்றது. பொழுது சாய்ந்தபின் கொடியிலிருந்து துணி எடுக்கும் அன்னையர், "இது ஈரமா, சில்லென்று இருக்கிறதா?" என்று கன்னத்தில் வைத்துப் பார்ப்பது இதனால்தான். மனிதர் ஈரத்தையும் குளிரையும் ஒன்றாகச் சேர்த்தே பேசுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

செய்து பார்ப்போம்

மாணவர்கள் ஆசிரியரின் மேற்பார்வையில் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரே அளவுள்ள மூன்று போத்தல்களை எடுத்துக்கொள்வோம். மூன்றிலும் ஒரே சூடுள்ள வெந்நீரைச் சம அளவில் நிரப்புவோம். முதற் போத்தலை வெறுமனே விடுவோம். இரண்டாவதை உலர்ந்த துணியாலும், மூன்றாவதை அதே போன்ற ஈரத் துணியாலும் சுற்றுவோம். மூன்றையும் மின்விசிறியின் முன் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியால் அளந்து ஏட்டில் குறிப்போம்.

உலர்ந்த துணி சுற்றிய போத்தல் மெல்லக் குளிரும். ஈரத் துணி சுற்றியது மூன்றிலும் விரைவாகக் குளிரும். துணியே இல்லாத போத்தலும் அதற்குப் பின்னேதான் நிற்கும். காற்றில் நிற்கும்போது நனைந்த ஆடை உடலைக் காப்பதில்லை. மாறாக உடலின் வெப்பத்தைக் கவர்கின்றது. இச்சோதனை ஆயிரம் சொற்களைவிட இதனை நன்கு விளக்கும்.

ஆபத்தும் முதலுதவியும்

உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் அது நோய்நிலை. அதற்கு உறைபனி வேண்டியதில்லை. நனைந்த ஆடையும் காற்றும் களைப்பும் சேர்ந்தால், 10 பாகை வெப்பத்திலும் இந்நிலை நேரலாம். 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையில் ஏறுவோர், விடியுமுன் உச்சியை அடைய வியர்க்க வியர்க்க ஏறுகின்றனர். உச்சியில் காற்று வீச, உறைநிலையை ஒட்டிய குளிரில் நிற்கின்றனர். மாற்றுடை இல்லாதவர்களுக்கு அது இடர் மிகுந்த நேரம்.

இந்நிலையின் அறிகுறிகளை நாம் அறிந்திருத்தல் நலம். முதலில் அடக்கமுடியாத நடுக்கம் தோன்றும். பின்னர் விரல்கள் சொன்னபடி கேளா. பொத்தானைக்கூடப் போட இயலாது. பேச்சுக் குழறும், நடை தள்ளாடும், உறக்கம் வரும். ஒருவர் சோர்ந்திருக்கும்போது நடுக்கம் தானாக நின்றுவிட்டால், குணமாகிவிட்டது என்று மகிழக்கூடாது. உடல் தன் ஆற்றலை இழந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

அவரைக் காற்றுப் படாத இடத்திற்குக் கொண்டுசென்று, நனைந்த ஆடையை முதலில் களையவேண்டும். உடலைத் துடைத்து, உலர்ந்த போர்வையால் தலையையும் சேர்த்து மூடவேண்டும். நல்ல நினைவோடு விழுங்கக்கூடியவராக இருந்தால் இனிப்பிட்ட வெதுவெதுப்பான பானம் கொடுக்கலாம். கைகால்களைத் தேய்க்கக்கூடாது. தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

"குளிருக்கு ஒரு மொடக்கு சம்சு போட்டால் சூடேறும்" என்று சிலர் சொல்வதுண்டு. இதைப் போன்ற கேடான அறிவுரை வேறில்லை. மதுவானது தோலிலுள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்கின்றது. அதனால் உள்ளிருந்த சூடு தோலுக்கு வந்து, சூடேறியதுபோல் ஒரு மயக்கத்தைத் தருகின்றது. உண்மையில் அச்சூடு காற்றில் கலந்து வீணாகின்றது. உள்ளுறுப்புகள் முன்னிலும் குளிர்ந்துபோகின்றன.

மற்றொன்றையும் தெளிவாக்கிக்கொள்வோம். சளிக் காய்ச்சலை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத நோய்க்கிருமி, மழைநீர் அன்று. ஆகவே நனைந்த பிள்ளையை அடிப்பதும் வைவதும் பயனற்றவை. உலர்ந்த துண்டைக் கையில் கொடுப்பதே அறிவுடைமை. வீட்டுக்குள் தங்கும் ஈரத்தால் சுவரில் பூசணம் படிந்து மூச்சுத்தொல்லை வரலாம் என்பதை உலகச் சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில் எடுத்துரைத்துள்ளது. ஆகவே சன்னலைத் திறந்து காற்றோட்டம் தருவதும், மெத்தையையும் தலையணையையும் வெயில் கண்ட நாளில் வெளியே காயவைப்பதும் நன்று.

நாம் செய்யத்தக்கவை

பெரும் பொருட்செலவு வேண்டாத சில வழிகள் உள்ளன. பள்ளிப் பைக்குள் ஒரு நெகிழிப் பையில் உலர்ந்த சட்டையும் காலுறையும் சிறு துண்டும் வைத்திருப்போம். நனைந்து வந்தால் முதலில் ஆடையை மாற்றிவிட்டுப் பின்னர் மற்ற வேலைகளைப் பார்ப்போம். மாற்றுடை இல்லையெனில், நனைந்ததை நன்கு பிழிந்து உதறியாவது அணிவோம். மலைக்குச் செல்லும்போது தடித்த ஆடை ஒன்றைவிட மெல்லிய ஆடைகள் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவோம். அவற்றின் இடையிலும் காற்று தங்கும். ஏறும்போது வியர்க்குமுன் ஒன்றைக் கழற்றுவோம்; அமரும்போது மீண்டும் அணிவோம். மழை அங்கியைக் குளிர் வந்தபின் அன்றி, நனையுமுன்னரே அணிவோம்.

ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் அலமாரியில் சில உலர்ந்த பனியன்களும் துண்டுகளும் இருந்தால், மழை நாளில் நெடுந்தொலைவு நடந்து வரும் பிள்ளை நடுங்கியவாறே பாடம் கேட்கும் நிலை நீங்கும். நடுங்கும் விரலால் எழுத்து அழகாக வராது. நடுங்கும் உடலில் பாடம் ஏறாது. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இதனைக் கருத்திற் கொள்ளலாம்.

முடிவுரை

காற்றின் ஈரம் தானாகக் குளிரைப் பெருக்குவதில்லை. அது வெயிலை மறைத்தும், ஆடையை நனைத்தும், நனைந்ததை உலரவிடாமலும் நம் காற்றுப் போர்வையைப் பறித்துவிடுகின்றது. குளிர்ந்த காற்றை மாற்றுவது நம் கையில் இல்லை. ஆடையை உலர்ந்ததாக வைத்துக்கொள்வது நம் கையில் உள்ளது. "ஈரத்தோடு நிற்காதே ஐயா, தலையைத் துவட்டு" என்று நம் பாட்டிமார் சொல்லும் சொல்லில் அறிவியல் அடங்கியிருக்கின்றது. அச்சொல்லைக் கேட்போம், காரணமும் அறிந்து கேட்போம்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. 30 பாகையில் ஒரு கனமீட்டர் காற்றில் 24 கிராம் நீராவி உள்ளது. ஈரப்பதம் எத்தனை விழுக்காடு?

2. கடல்மட்டத்தில் 28 பாகை இருக்கும்போது, 2,000 மீட்டர் உயரத்தில் வெப்பநிலை ஏறத்தாழ என்னவாக இருக்கும்?

3. நனைந்த ஆடையில் 100 கிராம் நீர் உள்ளது. அது முழுதும் ஆவியாக எத்தனை கிலோகலோரி வெப்பம் வேண்டும்?

4. கேமரன் மலையில் மழை பெய்யாதபோதும் தலைமுடி நனைவது ஏன்?

5. மதுவால் உடல் சூடேறியதுபோல் தோன்றுவதன் காரணத்தை உன் பெற்றோருக்கு விளக்கிக் கூறுக.